1898 லெப்பர் சட்டம் ரத்து ஆயிடுச்சு, அப்புறம் என்ன? அடிக்கடி கேக்குற கேள்விகள்

இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல வட மாவட்டங்கள்ல தொழுநோய் களப்பணியில இருந்தேன், ரிட்டயர் ஆனதுக்கப்புறம் தொழுநோய் காலனிகள்ல இருக்கிறவங்களுக்கு மனு எழுதிக் குடுக்குறது, கூட ஆபீஸுக்கு போறதுன்னு ஓடிட்டு இருக்கு. போற இடத்துல எல்லாம் அதே கேள்விங்க தான் வருது, காலனிக்காரங்களும் கேக்குறாங்க, காலேஜ் பசங்களும் கேக்குறாங்க, ஒரு தடவை ஒரு விஏஓவே கேட்டாரு. அதனால பதிலை எழுதியே வச்சுடலாம்னு உக்காந்துட்டேன். "லெப்பர்"ங்கற சொல்லை அந்த சட்டத்தோட பேரா, அதுல இருந்த வார்த்தையா சொல்லும்போது மட்டும் தான் எழுதியிருக்கேன், ஒரு மனுஷனை குறிச்சு எழுத மாட்டேன்.

எந்த சட்டத்தை பத்தி பேசுறீங்க?

1898-ம் வருஷத்து மூணாவது சட்டம், லெப்பர்ஸ் ஆக்ட். பிரிட்டிஷ் இந்தியாவுல போட்டது. பிச்சை எடுக்குற, பிழைக்க வழி இல்லாத தொழுநோயாளிகளை பிடிச்சு அசைலம்ல, அதாவது நோயாளிகளை தனியா வைக்கிற விடுதியில, அடைக்கிறதுக்கும், மத்த நோயாளிகள் சில தொழில் செய்யக்கூடாதுன்னு தடுக்குறதுக்கும் வந்த சட்டம். 2016-ல பார்லிமென்ட் இதை ரத்து பண்ணுச்சு. கணக்கு போட்டு பாருங்க, 118 வருஷம். இடையில சுதந்திரம் வந்துச்சு, அரசியல் சாசனம் வந்துச்சு, மருந்து வந்துச்சு, நோயை கட்டுப்படுத்திட்டோம்னு அறிவிப்பு கூட வந்துச்சு, சட்டம் மட்டும் புஸ்தகத்துல அப்படியே இருந்துச்சு.

அதுல அப்படி என்ன தான் எழுதியிருந்துச்சு?

முதல்ல யாரு "லெப்பர்"னு ஒரு விளக்கம். ஆரம்பத்துல புண்ணு வந்தவங்களை மட்டும் தான் சொன்னாங்க, அப்புறம் 1920-ல திருத்தி எந்த வகை தொழுநோய் இருந்தாலும் லெப்பர் தான்னு ஆக்கிட்டாங்க, அதாவது முதுகுல ஒரே ஒரு உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கிற ஆளும் அதுக்குள்ள வந்துட்டாரு. அடுத்து "பாப்பர் லெப்பர்", ஏழை நோயாளி. ரோட்டுல பிச்சை கேட்டாலும் பாப்பர் லெப்பர், கண்ணுக்கு தெரியிற மாதிரி பிழைப்பு எதுவும் இல்லாம நடமாடினாலும் பாப்பர் லெப்பர்.

அப்படி ஒரு ஆள் மாதிரி தெரிஞ்சாலே போலீஸ்காரர் வாரண்ட் இல்லாம கைது பண்ணலாம். "மாதிரி தெரிஞ்சாலே"ங்கறது நான் சேர்த்தது இல்ல, சட்டமே அப்படி தான் சொல்லுது, போலீஸ்காரர் கண்ணுக்கு அப்படி தோணினா போதும். பிடிச்சிட்டு போய் இன்ஸ்பெக்டர் ஆஃப் லெப்பர்ஸ்னு ஒரு மருத்துவ அதிகாரி, அவர் முன்னாடி நிறுத்தணும், அவர் ஆமா நோய் இருக்குன்னு எழுதி குடுத்தா மாஜிஸ்ட்ரேட்கிட்ட போகும், மாஜிஸ்ட்ரேட் அசைலம்க்கு அனுப்பிடலாம். சொந்தக்காரங்களோ தெரிஞ்சவங்களோ வந்து நான் சோறு போட்டு வச்சுக்குறேன், பிச்சை எடுக்க விடமாட்டேன்னு எழுதிக் குடுத்தா அவங்ககிட்ட விடலாம். அசைலம்ல இருந்து அனுமதி இல்லாம வெளிய வந்தா மறுபடி வாரண்ட் இல்லாம பிடிச்சு கொண்டு போய் விடலாம். எவ்வளவு நாள் உள்ள? குற்றம் பண்ணவனுக்கு கூட மூணு மாசம் ஆறு மாசம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, நோய் வந்தவனுக்கு அந்த கணக்கு கிடையாது.

இன்னொரு பகுதி தொழில் தடை. அரசாங்கம் அறிவிச்ச ஏரியாவுல நோயாளி தன் கையால சாப்பாட்டு பொருள், குடிக்கிற பொருள், மருந்து, துணி தயார் பண்ணி விக்கக்கூடாது. தடை போட்ட பொதுக் கிணத்துலயோ குளத்துலயோ குளிக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, தண்ணி எடுக்கக்கூடாது. வாடகை வண்டி ஓட்டக்கூடாது, அதுல ஏறக்கூட கூடாது, ரயிலுக்கு மட்டும் விலக்கு. மீறினா இருபது ரூபாய் வரைக்கும் அபராதம், அந்த காலத்து இருபது ரூபாய். தெரிஞ்சே வேலை குடுத்தவங்களுக்கும் அபராதம் உண்டு.

இதை சேர்த்து வச்சு படிச்சா தான் கொடுமை புரியும். ஒரு பக்கம் எந்த தொழிலும் செய்யாதேன்னு சொல்லுது, இன்னொரு பக்கம் பிழைப்பு இல்லாம சுத்தினா கைதுன்னு சொல்லுது. இட்லி கடை வச்சு பிழைச்சிட்டு இருந்த ஒருத்தனோட கடையை முதல் பகுதி மூடிடும், கடை இல்லாதவன்னு ரெண்டாவது பகுதி அவனை தூக்கி உள்ள வச்சிடும். ஏழையா ஆக்கிட்டு ஏழையா இருக்கேன்னு பிடிக்கிறது.

அப்போ மருந்து இல்ல சார், பயத்துல போட்டுட்டாங்க, அதை போய் இப்ப குத்தம் சொல்லலாமா?

நானும் ரொம்ப வருஷம் அப்படி தான் நினைச்சிட்டு இருந்தேன். ஆனா வரலாறு அவ்வளவு சுலபமா இல்ல.

1873-ல நார்வேயில ஹான்சன் இந்த கிருமியை கண்டுபிடிச்சாரு, அதுக்கு முன்னாடி இது பரம்பரையா வர்றதுன்னு நம்பினவங்க நிறைய. 1889-ல ஹவாய் பக்கம் மொலோக்காய் தீவுல நோயாளிகளுக்கு சேவை பண்ண டேமியன் பாதிரியார் அதே நோயில செத்துப்போனாரு, உடனே உலகம் பூரா ஒரு பீதி, நமக்கும் வந்துடுமோன்னு. லண்டன்ல நிதி திரட்டி ஒரு கமிஷன் அமைச்சு இந்தியாவுக்கு அனுப்பினாங்க. 1890-91-ல அந்த டாக்டர்கள் நாடு பூரா சுத்தி பாத்துட்டு என்ன எழுதினாங்க தெரியுமா? தொத்து நோய் தான், ஆனா தொத்துற அளவு ரொம்ப ரொம்ப கம்மி, எல்லாரையும் கட்டாயமா பிரிச்சு வைக்க சட்டம் எல்லாம் தேவை இல்லன்னு எழுதினாங்க. அனுப்பி வச்ச லண்டன் கமிட்டிக்கே அந்த முடிவு பிடிக்கல. அப்புறம் 1897-ல பெர்லின்ல ஒரு சர்வதேச மாநாடு, அது பிரிச்சு வைக்கிற பக்கம் பேசுச்சு, அடுத்த வருஷம் இங்க சட்டம்.

அதனால தெரியாம போட்டாங்கன்னு சொல்ல முடியாது. நேர்ல வந்து பாத்த டாக்டர்கள் சொன்னது கையில இருந்துச்சு. அதுவும் இல்லாம சட்டம் வசதியான நோயாளியை தொடவே இல்லையே, வீட்டுல சோறு இருக்கிறவன் வீட்டுலயே இருக்கலாம், கிருமி அவன்கிட்டயும் தான் இருந்துச்சு. கிருமியை தடுக்குறது தான் நோக்கம்னா ஏழையை மட்டும் எதுக்கு பிடிக்கணும்? ரோட்டுல கண்ணுல படக்கூடாதுங்கறது தான் விஷயம். நூறு பேர்ல தொண்ணூத்தஞ்சு பேருக்கு இந்த கிருமியை தாங்குற எதிர்ப்பு சக்தி பிறவியிலயே இருக்கு, இது நான் ட்ரெய்னிங்ல முதல் நாள் படிச்சது, இன்னைக்கு வரைக்கும் ஊர்ல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

அசைலம்னா ஆஸ்பத்திரியா, ஜெயிலா, அனாதை ஆசிரமமா?

மூணும் கலந்தது. நிறைய இடத்துல மிஷனரிங்க நடத்தின தர்ம ஸ்தாபனங்கள் தான், சர்க்கார் மானியம் குடுக்கும். அங்க வேலை பாத்தவங்கள்ல பெரிய மனசுக்காரங்க இருந்தாங்க, வேற யாரும் தொடாத புண்ணை கையால கழுவி கட்டு போட்டவங்க அவங்க, அதை நான் குறைச்சு சொல்லவே மாட்டேன். ஆனா தர்மமா நடக்குற ஒரு இடத்துக்கு போலீஸ் பிடிச்சு ஆள் அனுப்புதுன்னா அந்த தர்மத்தோட முகமே மாறிடுது இல்லையா. சோறும் கட்டும் குடுக்குற அதே சூப்பரிண்டெண்ட் தான் வெளிய போக அனுமதி சீட்டும் குடுக்கணும்.

நம்ம பக்கம் செங்கல்பட்டு திருமணியில 1924-ல லேடி வில்லிங்டன் பேருல ஒரு பெரிய சானடோரியம் ஆரம்பிச்சாங்க, 1955-ல அதை மத்திய அரசு எடுத்து தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமா ஆக்குச்சு. அதே 1955-ல இன்னும் ரெண்டு முக்கியமான காரியம் இதே வட்டாரத்துல நடந்துச்சு. வேலூர் பக்கம் கரிகிரியில ஆராய்ச்சி மருத்துவமனை வந்துச்சு, அங்கயும் வேலூர் சி.எம்.சி-லயும் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிப்போன விரலை ஆபரேஷன் பண்ணி நிமித்தினாரு, நோய் விரலை தின்னுறது இல்ல, உணர்ச்சி இல்லாததால சூடு பட்டு வெட்டு பட்டு தான் விரல் போகுதுன்னு உலகத்துக்கு புரிய வச்சவர் அவர். இன்னொண்ணு மதுராந்தகத்துக்கு அந்தப்பக்கம் பொலம்பாக்கம். பெல்ஜியத்துல இருந்து வந்த டாக்டர் ஹெமரிக்ஸ் அங்க என்ன பண்ணாருன்னா நோயாளியை உள்ள கொண்டு வந்து வைக்காம இவரே ஊர் ஊரா போயி மரத்தடியில க்ளினிக் போட்டாரு. வாரத்துக்கு இந்த நாள் இந்த மரத்தடின்னு கணக்கு, ஆளுங்க காட்டுவேலைக்கு போற வழியில மாத்திரை வாங்கிட்டு போயிடுவாங்க. எங்க சீனியர்ங்க எல்லாம் அந்த மரத்தடி க்ளினிக்கை பாத்து தொழில் கத்துக்கிட்டவங்க தான்.

யாரையும் அடைக்கத் தேவையே இல்லன்னு செஞ்சே காட்டிட்டாங்க, அதுவும் 1955-லயே. சட்டம் அதுக்கப்புறமும் அறுபது வருஷம் உக்காந்திருந்துச்சு.

ஏன் அவ்வளவு லேட்?

ஒரு காரணம் சட்ட அமைப்பு. அரசியல் சாசனத்தோட 372-வது பிரிவு, அதுக்கு முன்னாடி இருந்த சட்டம் எல்லாம் யாராவது மாத்துற வரைக்கும், ரத்து பண்ற வரைக்கும் தொடரும்னு சொல்லுது. அதாவது சும்மா விட்டா சட்டம் தானா சாகாது, ஒருத்தர் உக்காந்து அதை எடுக்கணும். யாரு அந்த ஒருத்தர்? தொத்து நோய் பரவாம தடுக்குறது பொதுப்பட்டியல்ல இருக்கு, அதாவது டெல்லியும் மாநிலமும் ரெண்டு பேருமே சட்டம் போடலாம், தர்ம ஸ்தாபனங்களும் பொதுப்பட்டியல், ஆஸ்பத்திரியும் பொது சுகாதாரமும் மாநிலப் பட்டியல், ஊனமுற்றவங்களுக்கு நிவாரணமும் மாநிலம். லெப்பர் சட்டம் இது நாலுலயும் கால் வச்சு நிக்குது. டெல்லி பண்ணட்டும்னு மாநிலமும், மாநிலம் பண்ணட்டும்னு டெல்லியும். சில மாநிலங்கள் தங்களோட எல்லைக்கு மட்டும் முன்னாடியே எடுத்துட்டாங்க, ஆனா மத்திய புஸ்தகத்துல இருந்து எடுக்க 2016 ஆச்சு.

இன்னொரு காரணம், எனக்கு மனசுல படுறது, இந்த சட்டத்தால பாதிக்கப்பட்டவங்க ஒரு வக்கீல் ஆபீஸ் படி ஏறினதே இல்ல. ஏறியிருந்தாலும் எங்க உக்கார வச்சிருப்பாங்க?

யாரும் யூஸ் பண்ணாத சட்டம் தானே, இருந்தா என்ன போனா என்ன?

இந்த கேள்விக்கு தான் எனக்கு கோவம் வரும், ஆனாலும் பொறுமையா சொல்றேன்.

நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல எங்க பதவிக்கு பேரே லெப்ரசி இன்ஸ்பெக்டர். ஒரு கிராமத்துக்கு சர்வேக்கு போனோம், ஜீப்பை பாத்ததும் ஒரு வயசானவரு வேலியை தாண்டி கொல்லைப்பக்கமா ஓடினாரு, காலுல புண்ணு, கட்டு கூட இல்ல, அந்த காலோட ஓடுறாரு. ரெண்டு மணி நேரம் அவர் மருமக்கிட்ட பேசி அப்புறம் தான் வெளிய வந்தாரு. ஏன்யா ஓடினீங்கன்னு கேட்டா, "இன்ஸ்பெக்டர் வந்தா புடிச்சிட்டு போயி போட்டுருவாங்கன்னு எங்கப்பன் சொல்லியிருக்கான்"னாரு. அவருக்கு சட்டத்தோட பேரு தெரியாது, நம்பர் தெரியாது, பிரிவு தெரியாது, ஆனா மூணு தலைமுறையா அந்த பயம் மட்டும் கையில இருந்து கைக்கு வந்திருக்கு. அந்த பயத்துல தான் ஆளுங்க தேமலை மறைச்சாங்க, மறைச்சதுல நரம்பு செத்துச்சு, கை மடங்குச்சு. சட்டத்தை யாரும் பயன்படுத்தலன்னாலும் அது வேலை செஞ்சிட்டு தான் இருந்துச்சு.

இன்னொரு விஷயம், ஒரு சட்டம் இருந்தா அதோட குட்டிங்க மத்த சட்டங்களுக்குள்ள போயி உக்காந்துக்கும். ஒடிஷாவுல 1950 நகராட்சி சட்டத்துல தொழுநோயாளியோ டிபி நோயாளியோ பதவிக்கு வரக்கூடாதுன்னு ஒரு வரி. ஓட்டு வாங்கி ஜெயிச்ச ஒருத்தரோட பதவி அந்த வரியால போச்சு, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2008-ல அந்த வரி செல்லும்னே தீர்ப்பு வந்துச்சு. 2008-ங்க! அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 2005 டிசம்பர்ல தான் பத்தாயிரத்துக்கு ஒருத்தருக்கும் கீழ வந்துடுச்சு, பொது சுகாதார பிரச்சனையா இருந்த நிலைமை போயிடுச்சுன்னு இதே நாடு அறிவிச்சுது. 1959 பம்பாய் பிச்சை தடுப்பு சட்டத்துல தொழுநோய் இருக்கிறவங்களை தனியா பிடிச்சு வைக்கிறதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, அதை படிச்சா 1898-ஐ பாத்து காப்பி அடிச்ச மாதிரி இருக்கும். டெல்லியில அந்த சட்டத்தோட பெரும்பகுதி செல்லாதுன்னு அங்க ஹைகோர்ட் 2018-ல சொல்லிடுச்சு, ஆனா அந்த தீர்ப்பு டெல்லிக்கு தான்.

கடைசியில எப்படி ரத்து ஆச்சு? போராட்டம் ஏதாவது நடந்துச்சா?

பல வருஷமா நிறைய பேர் எழுதினாங்க, மனு போட்டாங்க, ராஜ்யசபா மனுக்கள் குழு 2008-ல இதை எடுத்து அறிக்கை குடுத்துச்சு, 2010-ல ஐ.நா. பொதுச்சபை பாகுபாடு கூடாதுன்னு தீர்மானம் போட்டுச்சு. 2015 ஏப்ரல்ல நீதிபதி ஏ.பி.ஷா தலைமையில இருந்த சட்ட ஆணையம் 256-வது அறிக்கையில இந்த சட்டத்தை எடுங்க, இன்னின்ன சட்டத்துல இன்னின்ன வரியை திருத்துங்க, கூடவே பாகுபாட்டை தடுக்க புதுசா ஒரு சட்டம் போடுங்கன்னு மசோதாவையே எழுதி குடுத்துச்சு.

அப்போ மத்திய அரசு பழைய சட்டங்களை மொத்தமா கழிச்சுக்கட்டிட்டு இருந்த நேரம். ரத்து பண்ற சட்டம் ஒண்ணு போட்டு, பின்னாடி அட்டவணையில நூத்துக்கணக்கான பழைய சட்டங்களோட பேரை வரிசையா போட்டுடுவாங்க. அந்த அட்டவணையில ஒரு வரி, வருஷம், நம்பர், பேரு, "முழுவதும்". 118 வருஷ கதை அந்த ஒரு வரியோட முடிஞ்சுது. இதுக்குன்னு யாரும் எழுந்து நின்னு வருத்தம் தெரிவிக்கல. போனது நல்லது தான், ஆனா எந்த காலனியிலயும் அன்னைக்கு யாருக்கும் தெரியாது. நான் போயி சொன்னப்போ ஒரு பாட்டி கேட்டாங்க, "இத்தினி நாளா இருந்துச்சா?"ன்னு.

வேற நாட்டுல எல்லாம் எப்படி பண்ணாங்க?

ஜப்பானை பாருங்க. அங்க 1907-ல ஆரம்பிச்சு, 1953-ல புது சட்டமா மாத்தி, நோயாளிகளை சானடோரியம்லயே வாழ்நாள் பூரா வச்சிருந்தாங்க, மருந்து வந்ததுக்கப்புறமும். 1996-ல சட்டத்தை எடுத்தாங்க. ஆனா உள்ள இருந்தவங்க அதோட விடல, எங்க வாழ்க்கை போச்சே அதுக்கு யாரு பதில் சொல்றதுன்னு கேஸ் போட்டாங்க. 2001 மே மாசம் குமமோட்டோ கோர்ட் அரசாங்கம் தான் பொறுப்புன்னு சொல்லுச்சு, பிரதமர் கொய்சுமி அப்பீல் போகல, மன்னிப்பு கேட்டாங்க, நஷ்டஈடு சட்டம் அடுத்த மாசமே வந்துச்சு. 2019-ல நோயாளிகளோட குடும்பத்துக்காரங்களும் ஜெயிச்சாங்க, ஏன்னா அவங்க புள்ளைங்களும் தானே கல்யாணம் இல்லாம வேலை இல்லாம கஷ்டப்பட்டாங்க. இந்த இடம் படிக்கும்போது எனக்கு நம்ம காலனி புள்ளைங்க ஞாபகம் தான் வரும், ஸ்கூல்ல அட்ரஸ் சொல்ல வெக்கப்பட்டு பக்கத்து ஊர் பேரை சொல்ற புள்ளைங்க.

நம்ம ஊர்ல ரத்து மட்டும் தான் நடந்திருக்கு. மன்னிப்போ ஈடோ ஒண்ணும் வரல.

2019-ல விவாகரத்து சட்டம் மாறுச்சாமே?

ஆமா. தொழுநோய் இருந்தா விவாகரத்து வாங்கலாம், பிரிஞ்சு இருக்கலாம்னு இருந்த வரிகளை அஞ்சு சட்டத்துல இருந்து 2019-ல எடுத்தாங்க: 1869 கிறிஸ்தவ விவாகரத்து சட்டம், 1939 முஸ்லிம் திருமண ரத்து சட்டம், 1954 சிறப்பு திருமண சட்டம், 1955 இந்து திருமண சட்டம், 1956 இந்து தத்தெடுப்பு ஜீவனாம்ச சட்டம். ஆறு மாசமோ பன்னெண்டு மாசமோ மாத்திரை சாப்பிட்டா குணமாகுற நோய்க்கு "குணமாகாத"ங்கற வார்த்தையை அதுவரைக்கும் வச்சிருந்தாங்க.

எங்க அம்மாவுக்கு அதுக்கு முன்னாடியே அந்த காரணம் சொல்லி விவாகரத்து ஆயிடுச்சு, இப்ப அது செல்லாதா?

செல்லும். ஒரு சட்டத்தை எடுத்தா அது இருந்த காலத்துல நடந்தது தானா அழிஞ்சு போகாது, 1897 பொது விதிகள் சட்டத்தோட ஆறாவது பிரிவு அதை தெளிவா சொல்லுது. இதை சொல்லும்போது எனக்கே கஷ்டமா தான் இருக்கும். ஆனா ஜீவனாம்சம், சொத்து பங்கு மாதிரி விஷயங்கள்ல வேற வழி இருக்கலாம், தாலுகா கோர்ட்டுலயே இலவச சட்ட உதவி மையம் இருக்கு, பழைய தீர்ப்பு நகலை எடுத்துட்டு போயி கேளுங்க.

பழைய பைத்தியக்கார ஆஸ்பத்திரி சட்டமும் இப்படி தானா?

அதுவும் அதே குடும்பம் தான், அந்த பேரை சொல்லவே பிடிக்கல, சட்டத்துல "லூனடிக்"னு இருந்துச்சு. 1858-ல அசைலம் சட்டம், அப்புறம் 1912 லூனசி சட்டம், மாஜிஸ்ட்ரேட் ஆர்டர் போட்டு உள்ள அனுப்புற அதே முறை. சென்னை கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி 1871-ல இருந்து இருக்கு, அந்த சட்டம் எல்லாத்தையும் பாத்த இடம். 1912 சட்டத்தை 1987 மனநல சட்டம் எடுத்துச்சு, அது அமலுக்கு வந்தது 1993-ல, அதுக்கப்புறம் 2017 சட்டம். இங்க ஒரு வித்தியாசம் பாருங்க, பழசை எடுக்கும்போதே புதுசு ஒண்ணு வச்சாங்க. ஆனா புதுசு வந்தும் 2001 ஆகஸ்ட் 6 காலையில ராமநாதபுரம் ஏர்வாடியில லைசென்ஸ் இல்லாத ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலி போட்டு கட்டி வச்சிருந்த 28 பேர் செத்துப்போனாங்க. லைசென்ஸ் வாங்கணும்னு சட்டம் சொன்னது தான், யாரு போயி பாத்தா?

அப்போ வெள்ளைக்காரன் காலத்து சட்டம் எல்லாத்தையும் தூக்கிடலாமா?

கூடாது. வயசை வச்சு முடிவு பண்ணக்கூடாது. 1897 தொத்துநோய் சட்டம் லெப்பர் சட்டத்துக்கு ஒரு வயசு மூத்தது, 2020 கொரோனாவுல அதை வச்சு தான் வேலை நடந்துச்சு. 1890 அறக்கட்டளை நிதி சட்டம், தர்மத்துக்கு எழுதி வச்ச சொத்தை அரசாங்க பொருளாளர் பேர்ல பாதுகாக்குறது, இன்னும் உயிரோட இருக்கு. ஒரு சட்டத்தை தூக்குறதுக்கு முன்னாடி அதை நம்பி யாராவது சோறு சாப்பிடுறாங்களான்னு பாக்கணும், ஒரு பழைய ட்ரஸ்ட், ஒரு விடுதி, ஒரு மானியம் அதுல தொங்கிட்டு இருக்கலாம்.

புது சட்டம் வந்துச்சா?

சட்ட ஆணையம் எழுதி குடுத்த அந்த பாகுபாடு ஒழிப்பு மசோதா சட்டமா ஆகல. 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு நீளமான தீர்ப்பு குடுத்துச்சு, மருந்து எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இருக்கணும், நோயாளியை ஒதுக்கக்கூடாது, மத்தவங்களோடயே சிகிச்சை குடுக்கணும், ஜனங்களுக்கு சரியா எடுத்து சொல்லணும்னு. மாநில சட்டங்கள்ல சிதறிக் கிடக்குற வரிகளை ஒவ்வொண்ணா எடுத்துட்டு வர்றாங்க. அதுக்கு வேகம் பத்தாது. அடைக்கிற சட்டத்தை எடுத்தாச்சு சரி, வீடு வாடகைக்கு குடுக்க மாட்டேன்னு ஒருத்தர் சொன்னா, டீக்கடையில தனி கிளாஸ் வச்சா, எந்த பிரிவுல புகார் குடுக்குறது? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல தொழுநோய்ல இருந்து குணமானவங்க சேர்ந்திருக்காங்க, இப்போதைக்கு நான் மனுவுல அதை தான் எழுதுறேன். ஆனா ஊனம் எதுவும் இல்லாம முழுசா குணமானவருக்கு அது பொருந்தாது, அவரும் தானே ஒதுக்கப்படுறாரு.

காலனி இடத்துக்கு பட்டா கிடைக்குமா? சட்டம் ரத்து ஆயிட்டதால காலி பண்ண சொல்லிடுவாங்களா?

இது தான் நிஜமான பயம், மத்த கேள்வி எல்லாம் இதுக்கப்புறம் தான். ரத்து ஆனதால யாரையும் காலி பண்ண சொல்ல முடியாது, காலனியோட இருப்பு அந்த சட்டத்துல இல்ல. நிறைய காலனி சர்க்கார் புறம்போக்குல இருக்கு, சிலது ட்ரஸ்ட் நிலத்துல, சிலது ஆஸ்பத்திரி நிலத்துல. ஆஸ்பத்திரி நிலம்னா தான் சிக்கல், "நோயாளியா" இருக்கிற வரைக்கும் தங்கலாம்னு ஒரு பழைய வழக்கம், குணமான நிமிஷமே உரிமை போச்சுன்னு அர்த்தம் பண்ணிக்குறாங்க. நாப்பது வருஷம் ஒரே இடத்துல இருந்து, அங்கயே கல்யாணம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்தவரு எங்க போவாரு, சொந்த ஊருக்கா? சொந்த ஊர்ல அவர் பங்கை அண்ணன் தம்பிங்க எழுதி வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு.

முதல்ல அந்த நிலம் எந்த வகைன்னு தாலுகா ஆபீஸ்ல அ-பதிவேடு, அதாவது ஊர் நிலம் எல்லாம் எந்த வகைன்னு எழுதி வச்ச கணக்கு, அதோட நகல் வாங்கி பாருங்க. பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், வீட்டு வரி ரசீது, வாக்காளர் பட்டியல் நகல் இது எல்லாம் எத்தனை வருஷமா அங்க இருக்கீங்கன்னு காட்டும், லாமினேஷன் பண்ணாதீங்க, ஜெராக்ஸ் எடுத்து ஒரிஜினலை தனியா வைங்க. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு குடுங்க, தனித்தனியா குடுக்காம காலனி மொத்தமா கையெழுத்து போட்டு குடுங்க, கைரேகை வச்சாலும் சரி. ரேகை விழாத கைன்னு சிலருக்கு ஆதார்லயே பிரச்சனை வருது, அங்க கண் கருவிழி பதிவு எடுக்க சொல்லி கேளுங்க, அது விதிப்படி உண்டு.

ரெக்கார்டுல எங்க தெரு பேரே "குஷ்டரோகி காலனி"ன்னு இருக்கு, மாத்த முடியுமா?

முடியும். கிராம சபையில இல்லன்னா நகராட்சியில தீர்மானம் போட சொல்லி கேக்கலாம். நீங்களே ஒரு பேரை முடிவு பண்ணிட்டு போங்க, அவங்க விருப்பத்துக்கு விடாதீங்க. மாறினதுக்கப்புறம் ஆதார், ரேஷன் கார்டு, ஸ்கூல் சர்டிபிகேட்ல அட்ரஸ் திருத்த மறக்காதீங்க, புள்ளைங்களுக்கு அது தான் முக்கியம்.

என் கையில ஒரு தேமல் மாதிரி இருக்கு, தொட்டா தெரியல. போயி காட்டினா பேரை எழுதி எங்கயாவது அனுப்பிடுவாங்களா?

அனுப்ப மாட்டாங்க, அனுப்புற சட்டமே இப்ப இல்ல. வருஷத்துக்கு ஒரு லட்சத்தை ஒட்டி புதுசா நம்ம நாட்டுல கண்டுபிடிக்கிறாங்க, உலகத்துல பாதிக்கு மேல இங்க தான், அதனால நீங்க தனி ஆள் இல்ல. நாளைக்கே பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போங்க, காசு கிடையாது. டாக்டர் தேமல் மேல பேனா முனையாலயோ நைலான் நூலாலயோ தொட்டு பாப்பாரு, முழங்கை பக்கம், முழங்கால் பக்கம் நரம்பை தடவி பாப்பாரு. நோய் தான்னா மாச மாசம் ஒரு அட்டை மாத்திரை குடுப்பாங்க, தேமல் கம்மியா இருந்தா ஆறு மாசம், நிறைய இருந்தா பன்னெண்டு மாசம். முதல் டோஸ் உள்ள போனதுமே கிருமி கிட்டத்தட்ட எல்லாம் செத்துடும், உங்ககிட்ட இருந்து வீட்டுல யாருக்கும் தொத்தாது, தனி தட்டு தனி பாய் எதுவும் வேணாம், வேலைக்கு போங்க. இடையில கை கால் வலியோ வீக்கமோ, தேமல் சிவந்து தடிக்கிறதோ வந்தா மாத்திரையை நிறுத்திடாதீங்க, அது கிருமிக்கு எதிரா உடம்பு காட்டுற ரியாக்ஷன், அதுக்கு வேற மாத்திரை இருக்கு, அன்னைக்கே போயி காட்டுங்க, தள்ளிப்போட்டா நரம்பு போயிடலாம். தனியா போக பயமா இருந்தா உங்க ஊர் ஹெல்த் நர்ஸ்கிட்ட சொல்லுங்க, கூட வருவாங்க.